பத்து மணிக்கு வீட்டில் இருப்பவர்கள்

திருடியதுதான்.
ஃபஹாஹீல் பல் ஆஸ்பத்திரி வாசல் தொட்டியில்
டோக்கன் நாற்பத்தொன்றைப் பிடித்திருந்த அதே கையால்
விரல் நீளத்துக்கு ஒன்று கிள்ளினேன்.
பாதி வாய் மரத்திருந்தது.
பஸ் மங்காஃப் வந்து சேரும்வரை
கையை விரிக்கவே இல்லை.

எங்கள் கட்டிடச் சுவருக்கும்
பதினான்காம் எண் பார்க்கிங்குக்கும் நடுவே
ஒன்றரை முழம் மண்.
மண்ணென்று சொல்வது ஒரு மரியாதைக்கு.
சிமெண்ட் தூள், சிகரெட் துண்டு,
யாரோ உடைத்த டைல்ஸின் நீலச் சில்லு,
எல்லாவற்றின் மேலும் வெள்ளையாய் உப்பு.
மூன்றாம் மாடி ஏசி அதில்
நாளெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.
சொட்டுகிற இடத்தில் மட்டும் உப்பில்லை.
தொட்டு நக்கிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நட்டேன்.
சொட்டுக்கு நேர்கீழே அல்ல, ஒரு சாண் தள்ளி.
நேர்கீழே வைத்தால் தண்டு அழுகிவிடும்.
பிறகு இரண்டு நாள்
ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும்.
அதுதான் எனக்கு வராத வேலை.

மூன்றாம் வாரம் செடி படுத்துக்கொண்டது.
நிமிர்வதில் அதற்கு ஆசையே இல்லை.
படுத்த இடத்திலெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விட்டது.
செருப்பைச் சுடும் இன்டர்லாக் கற்களின்
இடுக்கு பார்த்து இடுக்கு பார்த்து நுழைந்தது.
மே கடைசியில் முதல் பூ, அடர் சிவப்பு.

பத்துமணிப் பூ என்று பேர்.
இங்கே ஏழரைக்கே விரிந்துவிடுகிறது.
"இந்திய நேரம் பார்க்குது போல" என்றார் இவர்
பூவைப் பார்க்காமலே.

இவருக்கு சைட் பஸ் நாலரைக்கு.
திரும்ப மாலை ஆறு.
நடுவெயிலில் வேலை கூடாது என்று சட்டம் உண்டு,
அந்த நேரத்தைக் கண்டெய்னருக்குள் படுத்துக் கழிப்பார்.
வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம்.
பூ இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிடும்.
"எங்கே பூ? பிழிந்து போட்ட துணிதானே கிடக்கு."
மறுநாள் படம் எடுத்து அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

பதினான்காம் எண் கார் ஒரு லெபனான்காரருடையது.
ஜூனில் செடி அவருடைய வெள்ளைக் கோட்டைத் தாண்டியது.
ஒரு வார்த்தை பேசவில்லை.
டயரை ஒரு சாண் தள்ளி நிறுத்தினார்.
பத்து நாள் கழித்து இரண்டு சாண்.
அந்தப் பக்கத் தூணில் கண்ணாடி உரசிய அன்றுதான்
முதல்முறையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.
வணக்கமா, வேறெதுவுமா, தெரியவில்லை.
ஹாரிஸ் அபு ஷவ்கி ஹோஸ் பைப்போடு வந்தபோது
வேண்டாம் என்று தடுத்தவர் அவர்தானாம்.

பிறகு அந்தப் புதன்கிழமை.
விடியும்போதே வானம் செங்கல் நிறம்.
எதிர்க் கட்டிடம் இல்லை.
சைட் மூடல் என்று நாலு மணிக்கே மெசேஜ்.
பத்து மணிக்கு இவர் வீட்டில் இருந்தார்!
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன்,
லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல்.

ஒரு பூ விரியவில்லை.

வெயில் இல்லாத நாளில் இது திறக்காது.
எனக்குத் தெரியும்.
தெரிந்ததை மறந்திருந்தேன்.
தூசி படிந்த மொட்டுகள்
வாயை இறுக்கிக்கொண்டு கிடந்தன.

துண்டால் மூக்கைப் பொத்தியபடி
கொஞ்ச நேரம் நின்றார்.
சர்வே வேலைக்காரர், வேறென்ன செய்வார்?
பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து உட்கார்ந்தார்.
"அந்த முனையைப் பிடி."
பிடித்தேன்.
நீளம் ஒன்று அறுபத்திரண்டு.
குறுக்கே தொண்ணூற்று நாலு.
சுவரில் பென்சிலால் எழுதி
அடியில் தேதி போட்டார்,
சைட்டில் தூண்களுக்குப் போடுவது மாதிரி.
கண்ணில் மண் விழுந்ததென்று
இருவரும் சீக்கிரமே மேலே வந்துவிட்டோம்.

வியாழன் தூசி அடங்கியது.
நாலரைக்கு அவர் போனார்.
ஏழே முக்காலுக்கு இறங்கி எண்ணினேன்,
சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணினேன்.
அவர் போட்ட தேதிக்குக் கீழே
என் ஐப்ரோ பென்சிலால் எழுதினேன்:
நாற்பத்தேழு.